புதுச்சேரியில் காத்திருந்த மூன்று பெண்கள்

பிரான்சுவா முசேவை அறுபத்தொரு வயது வரை யாரும் வேவு பார்த்ததில்லை. வேவு பார்க்கும்படி அவர் எதையும் செய்யவில்லை என்பது ஒரு காரணம். செய்திருந்தால் அதையும் மூன்று பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு, உரிய அலுவலகத்துக்குத் தாமே அனுப்பியிருப்பார் என்பது இன்னொரு காரணம். ஆகவே 2006 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெல்லித்தோப்பு வீட்டின் கூடத்தில், கணினித் திரையில் ஒரு சன்னல் தானாகத் திறந்து, 'புதுச்சேரியில் மூன்று பெண்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று பிரெஞ்சில் அறிவித்தபோது, அவர் முதலில் திரும்பி வாசற்கதவைத்தான் பார்த்தார்.

கதவு சாத்தியிருந்தது. மனைவி ஆனந்தமேரி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் அஞ்சலி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று பெண்களும் நின்றார்கள். அவர்களுக்குத் துணி போதவில்லை. ஆனால் முசேவை உலுக்கியது அது அல்ல. உலகத்தில் துணி போதாத பெண்கள் உண்டு என்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார். புதுச்சேரி என்று எப்படிப் போட்டான்? பெட்டிக்குள் இருக்கிற எவனோ ஒருவனுக்கு, தாம் எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்திருக்கிறது. அந்த எண்ணம் முதுகுத்தண்டில் ஈரத்துணி மாதிரி இறங்கியது.

கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. முசே 'இல்லை'யை அழுத்தினார். அழுத்தும்போது "நோன், மெர்சி", வேண்டாம், நன்றி என்று வாய்விட்டும் சொன்னார். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

உடனே இன்னும் இரண்டு சன்னல்கள் திறந்தன.

முசே என்று ஊரில் எல்லாரையும் கூப்பிட்டுவிட மாட்டார்கள். பிரெஞ்சு படித்தவராக இருக்க வேண்டும், அதைப் படித்ததற்கான களையும் முகத்தில் தெரிய வேண்டும். பிரான்சுவாவுக்கு இரண்டும் இருந்தன. ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு வீட்டில் உட்கார்ந்து சொல்தாக்களின் விதவைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களைத்தான் இங்கே சொல்தா என்பது. சொல்தா செத்தாலும் கடிதப் போக்குவரத்து சாகாது. அந்த அம்மாள் இன்னும் உயிரோடிருக்கிறாள் என்று வருஷா வருஷம் பிரான்சுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். முசே அதைச் சொன்ன விதத்தில், இன்னும் நூறு வருஷம் இருப்பாள் என்று படிக்கிறவனுக்கே தோன்றிவிடும்.

பிரெஞ்சில் வந்த எந்தத் தாளுக்கும் அன்றே பதில். இது அவருடைய சட்டம். இதற்கு ஒரு பழைய காயம் உண்டு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவருடைய அப்பா தாளை வாங்கி வந்தார். நல்ல கையெழுத்தில், நல்ல மசியில், ஒரு நல்ல நாளில் எழுத வேண்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்தார். நல்ல நாள் வருவதற்குள் ஆறு மாதம் முடிந்துவிட்டது. குடும்பம் இந்தியக் குடும்பமாயிற்று. அதில் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. ஆனால் அப்பா சாகும் வரை இழுப்பறைப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

இப்போது அஞ்சலியின் முறை. ஆனந்தமேரியின் அப்பா சொல்தா, குடியுரிமையோடே செத்தவர். அந்த வழியில் அஞ்சலிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டுப் பாரீசில் ஓர் அலுவலகத்துக்கு முசே எழுதி மூன்று வருஷம் ஆகிறது. அஞ்சலிக்கு இருபத்தேழு வயது. அங்கே போய் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தக் கோப்பில் இதுவரை நாற்பத்து மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளும் முசேவின் கைபட்டுப் போனது. கடைசிக் கடிதத்தில், இனி மின்னஞ்சலிலும் கேட்பார்கள் என்று எழுதியிருந்தது. அதற்காகத்தான் இந்தக் கணினியே.

அதைப் பொருத்திக் கொடுத்தவள் நிர்மலாதேவி. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அண்ணன்மார் ஏர் ஓட்ட, இவள் பாலிடெக்னிக் படித்து, புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் கணினிகளை மேய்க்கிறாள். ஆலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று வீட்டு வேலை எடுப்பாள். எல்லாம் பிரெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்று முசே பிடிவாதம் பிடித்ததால் பிரெஞ்சு விண்டோஸ் போட்டுக் கொடுத்தாள். அவளுக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது. எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்று கை மனப்பாடத்திலேயே வேலையை முடித்துவிட்டுப் போனாள்.

சனியன் ஜூலையில் வந்தது. வரும்போது சனியன் மாதிரி வரவில்லை. பிரான்சு தேசத்து ஊர்களின் வானிலையைத் திரையின் ஓரத்தில் காட்டும் ஓர் இலவச நிரல் என்று வந்தது. அஞ்சலி போகப்போகிற ஊரில் குளிரா வெயிலா என்று தெரிந்துகொள்ள ஓர் அப்பனுக்கு ஆசை இருக்காதா? நிறுவும் முன் பதினாலு பக்க ஒப்பந்தம் ஒன்று வந்தது. உலகத்தில் கோடிப் பேர் அதைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருப்பார்கள். முசே அச்செடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் படித்தார். ஒன்பதாவது பிரிவில், பயனாளருக்குப் பொருத்தமான விளம்பரங்கள் காட்டப்படும், துணை நிரல்கள் உடன் வரும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. இத்தனை நேர்மையாகச் சொல்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டி, 'ஏற்கிறேன்' என்று அழுத்தினார். படித்தவரும் படிக்காதவர்களும் ஒரே குழியில் விழுந்தார்கள்.

அதன் பிறகு சன்னல்கள் வந்தன. எங்கள் சேவையில் திருப்தியா? ஆம். உங்கள் பெயர்? பிறந்த நாள்? ஊர்? எல்லாவற்றுக்கும் உண்மையான பதில், அன்றன்றே. எதிர்முனையில் எவனோ ஒருவன் மேசை போட்டு உட்கார்ந்து, அவற்றைக் கோப்பில் சேர்க்கிறான் என்று அவர் நினைத்தார். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை இணையத்தைத் திறந்தால் வழக்கமான பக்கம் வரவில்லை. யாரோ ஒருத்தி சிரித்தாள். மாற்றினார். மறுபடியும் அவளே வந்து சிரித்தாள். விசைப்பலகையில் கை வைக்கவே பயமாக இருந்தது. ஆனந்தமேரியின் பழைய சேலையை எடுத்து, திரையையும் பெட்டியையும் சேர்த்துப் போர்த்தினார். சாயங்காலம் சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் தெருவுக்குள் சைக்கிளில் வந்து, சரியாக இவர் வீட்டு வாசலில் காலை ஊன்றினார். 

"சார், கலியமூர்த்தி வீடு எது? மாடு அவுத்துக்கிட்டுப் போனதா மனு கொடுத்திருக்காரு."

முசே கையை மட்டும் நீட்டிக் காட்டினார். காவலர் போன பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வியாழக்கிழமை, கொஞ்சம் தைரியம் வந்து, சேலையை விலக்கிப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு. மேலே நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஒரு பட்டை. 'எச்சரிக்கை. இக்கணினியின் C, D வட்டுகளில் சட்டத்துக்குப் புறம்பான 214 கோப்புகள் கண்டறியப்பட்டுள்ளன. உங்கள் இணைய முகவரி பதிவு செய்யப்பட்டுள்ளது. இடம்: புதுச்சேரி. உடனடி நடவடிக்கை தேவை.' கீழே கடன் அட்டை எண் கேட்டிருந்தது. முசேவிடம் கடன் அட்டை கிடையாது. குடும்பத்தை அன்று காப்பாற்றியது அவருடைய புத்தி அல்ல, அந்த இல்லாமைதான்.

அந்த மூவண்ணப் பட்டையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரெஞ்சு அரசாங்கம். இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது அரசாங்கம்தான். குடியுரிமை கேட்கிற வீட்டில் ஒழுக்கம் எப்படி என்று பார்த்திருக்கிறார்கள். மூன்று பெண்கள் காத்திருந்ததும், அவர் அந்தச் சன்னலுக்குப் பதில் சொன்னதும் அங்கே பதிவாகியிருக்கிறது. நாளைக்குப் பாரீசில் ஒருவன் அஞ்சலியின் கோப்பைத் திறப்பான், அப்பன் யோக்கியதையைப் படிப்பான், மூடுவான். முன்னால் ஓர் அப்பன் பதில் போடாமல் கெடுத்தான். இந்த அப்பன் பதில் போட்டுக் கெடுத்துவிட்டான்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு, கணினியைத் தொடாமல், பழைய பேனாவை எடுத்து, தம் வாழ்க்கையிலேயே சிறந்த கடிதத்தை எழுதினார். நான்கு பக்கம். கோப்பு எண் மேலே. 'கீழே விவரிக்கப்படும் மூன்று பெண்களையும் எனக்குத் தெரியாது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும் கௌரவத்தை அடைகிறேன்' என்று ஆரம்பித்தது. பெண்கள் விவரிக்கப்பட்டிருந்தார்கள். 214 கோப்புகளுக்கும் தாம் ஒருவரே பொறுப்பு, மகள் நிரபராதி என்று முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீது வாங்கிச் சட்டைப்பையில் வைத்ததும்தான் நான்கு நாளில் முதல் தடவையாக மூச்சு ஆழமாக வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு நிர்மலாதேவி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஆனந்தமேரிதான் போன் பண்ணியிருந்தாள்.

"என்னா முசே, கம்ப்யூட்டருக்கு குளுருதா? போத்தி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா நிர்மலா. நல்லாத்தான் இருக்கு. காப்பி குடிச்சுட்டுக் கெளம்பு."

"நல்லா இருக்குதாம்!" அடுப்படியிலிருந்து ஆனந்தமேரி குரல் வந்தது. "நாலு நாளா இந்த மனுஷன் அது முன்னாடி போய் நிக்கிறதும், பெருமூச்சு விடறதும். ஆஸ்பத்திரியில ஆள் படுத்திருக்கிற மாதிரி. நீ பாரு நிர்மலா, அவர் பேச்சக் கேக்காத."

நிர்மலா சேலையை உருவி, மடித்துப் போட்டு, பொத்தானை அழுத்தினாள். கணினி எழுந்த வேகத்தில் ஐந்து சன்னல்கள். முசே பாய்ந்து போய் இரண்டு உள்ளங்கையாலும் திரையை மூடினார்.

"கைய எடுங்க முசே."

"வேணாம்மா. நீ பொம்பளப் புள்ள."

"நான் ரெண்டு புள்ள பெத்தவ. எடுங்க. எனக்கு பிரெஞ்சு வராது, நீங்கதான் படிச்சிச் சொல்லணும். இது என்னா போட்டிருக்கு?"

முசே கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார். "புதுச்சேரியில்... மூன்று சகோதரிகள்... தங்கள் வருகையை எதிர்நோக்கியுள்ளார்கள்."

"சகோதரின்னா போட்டிருக்கான்?"

"கிட்டத்தட்ட."

ஆனந்தமேரி காப்பியோடு வந்துவிட்டாள். முசே குறுக்கே போய் நின்றார். ஒல்லியான உடம்பு, எதையும் மறைக்கவில்லை. அவள் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள்.

"இதுங்களா? போன வாரமே வந்துச்சுங்களே, நான் தூசி தட்டறப்போ. மொதல்ல ஜவுளிக்கடை வெளம்பரம்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஜவுளியையே காணோம். ஸ்டெபிலைசர அமுத்திட்டுப் போயிட்டேன்."

முசே அவளையே பார்த்தார். எந்தக் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நான்கு நாள் செத்தாரோ, அந்தக் கண் அதைப் பார்த்து, அணைத்து, அடுத்த அறைக்குத் தூசி தட்டப் போயிருக்கிறது.

"அவங்களுக்கு நம்ம ஊர் தெரிஞ்சிருக்கு நிர்மலா," என்றார் தணிந்த குரலில். "புதுச்சேரின்னு போட்டிருக்கான் பாரு."

"லைன் எந்த ஊர்லருந்து வருதுன்னு அந்தப் பக்கம் தெரியும் முசே. அதப் பாத்து ஊர்ப் பேர ஒட்டிடுவான். நெல்லித்தோப்புல நெட்டு வெச்சிருக்கிற அத்தன பேருக்கும் இதே மூணு பேருதான். நீங்க கடலூர் போனீங்கன்னா கடலூர்ல காத்திருப்பாங்க."

முசேவுக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. இன்னொரு பக்கம், தமக்கென்று காத்திருக்கவில்லை என்பதும் எங்கோ உறைத்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது சிவப்புத் திரை வந்தது. முசே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நிர்மலா பேசாமல் மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

"இப்போ வெளி உலகத்துக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. பாருங்க, இன்னும் எண்ணுது. இருநூத்திப் பதினாலு. என்னா என்னா வட்டுல இருக்குன்னு போட்டிருக்கான்? படிங்க."

"C... D."

"உங்க மெஷின்ல D கெடையவே கெடையாது முசே. ஒரே வட்டுதான் போட்டுக் குடுத்தேன். இவன் தேடவும் இல்ல, எண்ணவும் இல்ல. இது வெறும் படம். பயந்து அட்ட நம்பர குடுப்பீங்கன்னு காட்டுறான்."

இல்லாத அறைக்குள் நுழைந்து குற்றம் கண்டுபிடித்திருக்கிறான். முப்பத்து நான்கு வருஷம் தாள்களோடு வாழ்ந்தவருக்கு அந்த ஒரு பொய் போதுமாயிருந்தது. மூவண்ணப் பட்டையை உற்றுப் பார்த்தார். இப்போது அது இனிப்புப் பெட்டியில் ஒட்டுகிற காகிதம் மாதிரி இருந்தது.

நிர்மலா கணினியை அணைத்து, மறுபடி போடும்போது F8-ஐத் தட்டிக்கொண்டே இருந்தாள். "இது சேஃப் மோடு. அவசியமானதுங்க மட்டும்தான் எழுந்திருக்கும். இதுங்க தூங்கறப்போதான் தூக்கணும்." நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திறந்தாள். முசே ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"இது நான் சேர்த்தது. வானிலை."

"இது?"

"அதோட வந்தது. கூட வரட்டுமான்னு கேட்டுச்சு. வரட்டும்னேன்."

"இது?"

"அது... அம்புக்குறிய பட்டாம்பூச்சியா மாத்தும். வேணுமான்னு கேட்டுச்சு. கேக்கும்போது எப்படி வேணாம்னு..."

"வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட இவ்ளோ தாராளம் கெடையாது," என்றாள் ஆனந்தமேரி.

பதினோரு நிரல்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் நீக்கும்போது, 'எங்களை ஏன் விட்டுப் பிரிகிறீர்கள்? காரணம் எழுதவும்' என்று கேட்டது. முசேவின் விரல் தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. நிர்மலா கையைத் தட்டிவிட்டாள். பிறகு, இயந்திரம் எழும்போதே கூடவே எழுந்து வருகிறவற்றின் பட்டியலைத் திறந்து நான்கை நிறுத்தினாள். கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து ஒரு துப்புரவு நிரலை ஓடவிட்டாள். அது நாற்பது நிமிஷம் மூலை மூலையாகத் தேடி நூற்று அறுபத்து மூன்று இடத்தில் மிச்சம் மீதியைப் பொறுக்கியது. அது ஓடுகிற நேரத்தில் அவள் சொன்னதை முசே நோட்டில் எழுதிக்கொண்டார்.

"இனிமே நெட்டுக்கு இந்த ஃபயர்ஃபாக்ஸ் நெருப்பு நரிதான், பழசு வேணாம். தானா தெறக்கிற சன்னல இது தடுத்துடும். விண்டோஸ் அப்டேட் வந்தா வாங்கிக்கும், அத நிறுத்தாதீங்க. உங்களுக்குத் தனிக் கணக்கு வெச்சிருக்கேன். அதுல புது நிரல் எதுவும் ஏறாது. ஏத்தணும்னா பாஸ்வேர்டு வேணும். அது அஞ்சலிகிட்ட."

"என்கிட்ட இல்லையா?"

"உங்ககிட்ட இல்ல. அப்புறம், எது வந்து என்னா கேட்டாலும் ஆமாம்னும் அமுக்காதீங்க, இல்லன்னும் அமுக்காதீங்க. ரெண்டுமே அவன் வரைஞ்ச பொத்தான். எத அமுக்கினாலும் அவன் வீட்டுக் கதவுதான். Alt பிடிச்சுகிட்டு F4. மூடிடும்."

"பதிலே போடாமலா? அது மரியாதை இல்லையேம்மா."

"அது லெட்டர் இல்ல முசே. சுவத்துல ஒட்டுற போஸ்டர். போஸ்டருக்கு யாராச்சும் பதில் போடுவாங்களா?"

முசே பேனாவை மூடினார். நான்கு நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்திருப்பது தெரிந்தது. ஒரு வாய் காப்பி குடித்தார். ஆறிப்போயிருந்தது, நன்றாக இருந்தது.

"அப்போ பாரீஸ்ல..."

"பாரீஸ்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்களயும் இந்தப் பொண்ணுங்களயும் பத்தி எந்த ஆபீசுக்கும் எதுவும் போவல. நிம்மதியா இருங்க."

 முசேவின் கை சட்டைப்பைக்குப் போய் ரசீதை எடுத்தது.

"தெரியும்," என்றார். "காலையில நானே எழுதிப் போட்டுட்டேன்."



"யாருக்கு எழுதினீங்க?" என்றாள் ஆனந்தமேரி. அவளுடைய குரல் முதல் தடவையாக மாறியிருந்தது.

"கோப்பு பாக்கிற ஆபீசுக்கு. நாலு பக்கம். எல்லாத்தையும் விவரிச்சு."

"எல்லாத்தையும்னா? இதுங்களயுமா?"

"நிறத்தோட."

ஆனந்தமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பொண்ணு மூணு வருஷமா காத்திருக்கா. யாரும் கேக்காம, நீங்களா போய், இருநூறு குத்தம் பண்ணேன்னு கையெழுத்துப் போட்டு... எங்கப்பா பேரு இருக்கிற கோப்புலயா?"

நிர்மலா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று இருபது. "எத்தன மணிக்குப் போட்டீங்க? பதிவுத் தபால் பை நாலு மணிக்குத்தான் கட்டுவாங்க, எங்க ஆலை பார்சல் போடறப்போ பாத்திருக்கேன். ஏறுங்க முசே."

நெல்லித்தோப்பு சிக்னலில் ஸ்கூட்டி நின்றபோது முசே பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஸ்ஸில் இருந்த இரண்டு விதவையம்மாள்கள், அவரிடம் கடிதம் எழுதிக்கொள்கிறவர்கள், எட்டிப் பார்த்தார்கள். இல்லாத மூன்று பெண்களுக்காக நான்கு நாள் நடுங்கியவர், இருக்கிற ஒருத்தியின் பின்னால் ஊர் நடுவே போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பயப்பட அவருக்கு நேரம் இல்லை. சிவப்பு விளக்கு மாறவே மாட்டேன் என்றது. அப்பாவின் இழுப்பறை ஞாபகம் வந்தது. அவர் ஆறு மாதத்தை விட்டார். தமக்கு இருப்பது அரைமணி.

பெரிய வாய்க்காலைத் தாண்டித் தபால் நிலையத்தில் நுழையும்போது மூன்று நாற்பது. பதிவுத் தபால் முகப்பில் இருந்த ஆதிமூலம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"காலையில போட்ட தபால் திரும்ப வேணுமா? குடுக்கலாம். ரூல் இருக்கு. மனு எழுதணும். உறையில இருக்கிற விலாசத்த அப்படியே உங்க கையால எழுதிக் காட்டணும், ரசீது குடுக்கணும். என்னா காரணம்னு எழுதணும்."

அவருக்குப் பின்னால் ஒருவர் கான்வாஸ் பையின் வாயைப் பிரித்து, கட்டுகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டும் விழுகிற சத்தம் முசேவுக்குக் கேட்டது.

விலாசத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதினார். ஆனால் 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. உண்மையை எழுதினால் இரண்டு தாள் இணைக்க வேண்டும். பொய்யை அவர் அலுவலகத் தாளில் எழுதியதே கிடையாது. 'சென்ற ஜூலை மாதம் வானிலை குறித்து' என்று ஆரம்பித்தார்.

"முசே!" நிர்மலா முகப்பைத் தட்டினாள். "ரெண்டு வார்த்த. தெரியாம போட்டுட்டேன். அவ்ளோதான்."

"தெரியாமன்னு எப்படி? தெரிஞ்சுதானே..."

"பொண்ணுங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கோப்புங்க இருந்துச்சா?"

"இல்ல."

"அப்போ தெரியாமத்தானே போட்டீங்க?"

முசே அவளைப் பார்த்தார். பையின் வாயைச் சுற்றிக் கயிறு விழுந்தது. வானிலையை அடித்தார், 'விவரம் அறியாமல் அனுப்பியது' என்று எழுதினார், தாளை மறுபடி ஒரு தடவை படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அவருடைய வாழ்க்கையில் அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை.

ஆதிமூலம் தாளை நிதானமாக வாசித்தார். கையெழுத்தை ரசீதோடு ஒத்துப் பார்த்தார். விலாசத்தை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் இப்படி ஒரு மனிதரை முசே மெச்சியிருப்பார். இன்று அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. கடைசியில் அவர் திரும்பி, "வடிவேல், வெளிநாட்டுக் கட்ட எடு," என்றார். பை அவிழ்ந்தது. உறை முசேவின் கைக்கு வந்தபோது, அதன் ஓரம் அவருடைய விரல் வியர்வையில் ஊறிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் ஆனந்தமேரி உறையை வாங்கினாள். பிரித்துப் படிக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். முசே கொல்லையில் நின்று, தாம் எழுதியவற்றில் தலைசிறந்தது புகையாவதை முகர்ந்தார். நான்கு பக்கமும் எரிந்து முடிகிற வரைக்கும் அவர் நகரவில்லை. கொஞ்சம் துக்கம், மிச்சம் எல்லாம், ஏதாவது ஒரு வரி தப்பித்துவிடுமோ என்கிற பயம்.

இருபது நாள் கழித்துப் பாரீசிலிருந்து நிஜமாகவே ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஓர் இணைப்பு. 'இந்தக் கோப்பைத் திறக்கவா? ஆம், இல்லை' என்று திரை கேட்டது. முசேவின் விரல் Alt-க்கும் F4-க்கும் நடுவே முக்கால் மணி நேரம் நின்றது. பிறகு மேட்டுப்பாளையத்துக்குப் போன் போட்டார்.

"நிர்மலா, ஒண்ணு கேக்குது."

"யார் அனுப்பினது? விலாசத்த எழுத்தெழுத்தாப் படிங்க." படித்தார். "அதுல அஞ்சலி கோப்பு நம்பர் இருக்கா?"

"இருக்கு. சரியா இருக்கு."

"பொண்ணுங்க யாராச்சும்?"

"யாரும் இல்ல."

"அப்போ தெறங்க முசே."

திறந்தார். தாத்தாவின் பட்டாளத்து விடுவிப்புச் சான்றின் நகல் ஒன்று வேண்டும், அது வந்ததும் அடுத்த மாதம் சான்றிதழ் அனுப்பப்படும் என்று இரண்டு வரி இருந்தது. முசே கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றே பதில் எழுதினார், ஐந்து பத்தி. சாயங்காலம் வந்த அஞ்சலி படித்துவிட்டு நான்கு பத்தியை அழித்தாள்.

"இவ்ளோ போதும்பா. கேட்டதுக்கு மட்டும் பதில்."

முசே ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மகளின் புத்தி மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று ஆனந்தமேரி தெருவில் சொல்லிக்கொண்டாள். நம்பிக்கை எல்லாம் இல்லை, தம் பேனா மேல் வந்த பயம்தான்.